என்.டபிள்யூ.ஏ.வின் இரண்டாவது ஆல்பம்: ஐஸ் க்யூப் இல்லாமல் தேறியதா?

கேள்வி (மே 28, காலை 8.05)
1991-இல் இதே தேதியில்தான் என்.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க ராப் குழுவின் இரண்டாவது ஆல்பமான 'எஃபில்4ஸாகின்' வந்தது. என்.டபிள்யூ.ஏ. என்றாலே எல்லாரும் முதல் ஆல்பமான 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு இரண்டாவதுதான் மேல். வரிகள் எழுதிப் பாடிய ஐஸ் க்யூப் குழுவை விட்டுப் போனதால் ஒன்றும் குறைந்துவிடவில்லை, இசை அமைக்கும் டாக்டர் டிரேயின் பீட் போதும். மறுப்பவர்கள் காரணத்தோடு வரவும்.

மே 28, இரவு 9.20
காரணத்தோடுதான் வருகிறேன். பாதிக்கு நான் உங்கள் கட்சி, பாதிக்கு எதிர்க்கட்சி.

ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டால் நீங்கள் சொல்வதை மறுக்க வழியே இல்லை. 1988-இல் வந்த முதல் ஆல்பம் ஏறக்குறைய ஆறு வாரத்தில், கையிலிருந்த காசுக்குள் முடித்த வேலை. காரின் டிக்கியில் வைத்து விற்க ஏதாவது வேண்டும் என்று அவசரமாகக் கோத்தது, இப்போது கேட்கவே பிடிக்கவில்லை என்ற ரீதியில் டிரேயே பின்னாளில் பேட்டி கொடுத்திருக்கிறார். அதில் டிரம் மெஷின் முகத்துக்கு நேரே வந்து அடிக்கும். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் ஓடி வரும். அந்த அவசரமே அந்த ஆல்பத்தின் அழகு என்பது வேறு விஷயம்.

1991-க்கு வாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் டாரன்ஸ் என்ற ஊர், ஆடியோ அச்சீவ்மென்ட்ஸ் என்ற ஸ்டுடியோ, முதல் ஆல்பத்தைச் செய்த அதே டிரேயும், கூட இசை அமைத்த யெல்லாவும். ஆனால் 'ஆல்வேஸ் இன்டூ சம்திங்' பாட்டைப் போட்டவுடன் வேறு உலகத்துக்குள் வந்துவிட்டது தெரியும். வேகம் இறங்கிவிட்டது. பேஸ் அடியில் கனமாக, அசையாமல் கிடக்கிறது. அதற்கு மேலே உச்சஸ்தாயியில் ஒரு சிந்தசைசர் மெல்லிய கம்பி போல இழுத்துக்கொண்டே போகிறது. நடுவில் நிறைய வெற்றிடம். குரல் அந்த வெற்றிடத்தில் வந்து உட்காருகிறது. 1992 டிசம்பரில் டிரேயின் தனி ஆல்பம் 'தி க்ரானிக்' வந்தபோது உலகம் எதைப் புதிது என்று கொண்டாடியதோ, அதன் எலும்புக்கூடு முழுசும் இந்த ஒரு பாட்டில் இருக்கிறது.

எதிர்க்கட்சிப் பகுதியை நாளைக்கு எழுதுகிறேன்.

மே 28, இரவு 9.41
ஒருவர் இடையில் "க்யூபைத் துரத்திவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறார். இல்லை. 1989 கடைசியில் அவராகத்தான் விலகினார். பணத் தகராறு. குழுவில் பாடியவரும் ரூத்லெஸ் லேபிளின் முதலாளியுமான ஈஸி-ஈயும் மேலாளர் ஜெர்ரி ஹெல்லரும் கணக்கை வைத்திருந்த விதத்தில் தனக்கு உரிய பங்கு வரவில்லை என்பது அவர் வாதம். முதல் ஆல்பத்தின் வரிகளில் பெரும்பகுதியை எழுதியது குழுவின் இன்னொரு பாடகர் எம்.சி. ரென்னோடு சேர்ந்து அவர்தான். ஈஸியின் தனி ஆல்பத்திலும் அவர் கை உண்டு. ஈஸிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த 'பாய்ஸ் இன் த ஹூட்' பாட்டே க்யூப் எழுதியது. அவ்வளவு எழுதியவர் கணக்குக் கேட்டதில் என்ன தப்பு?

மே 29, மதியம் 1.10
எதிர்க்கட்சி.

முதல் ஆல்பத்தில் எனக்கு இன்றைக்கும் சிலிர்ப்பது அதன் கோபம் யார் மேல் என்று தெளிவாகத் தெரிவதுதான். போலீஸ் தெருவில் நிறுத்துகிறான், பையைத் துழாவுகிறான், கறுப்பின இளைஞன் என்றாலே போதை விற்பவன் என்று எண்ணுகிறான். 'ஃபக் த போலீஸ்' என்ற அந்தப் பாட்டு கோர்ட் விசாரணை மாதிரி அமைக்கப்பட்டிருக்கிறது. டிரே நீதிபதி. க்யூப், ரென், ஈஸி ஒவ்வொருவராகச் சாட்சி சொல்கிறார்கள். கெட்ட வார்த்தை நிறைய இருந்தாலும் அது ஒரு புகார் மனு. அது உறைத்ததால்தான் 1989 ஆகஸ்டில் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் ஆல்பத்தை விநியோகித்த ப்ரையாரிட்டி ரெக்கார்ட்ஸுக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். ஒரு ராப் பாட்டுக்காக எஃப்.பி.ஐ. தலைமையகத்திலிருந்து கடிதம் போகிறது என்றால் அது எங்கே போய்க் குத்தியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஆல்பத்தில் அப்படிப் போலீஸை மையமாக வைத்த முழுப் பாட்டு கிடையாது. அந்தப் பாட்டின் தொடர்ச்சியை 1990 ஆகஸ்டில் வந்த 'ஹண்ட்ரட் மைல்ஸ் அண்ட் ரன்னின்' என்ற இ.பி.யிலேயே (சில பாட்டுகள் மட்டும் கொண்ட குறுந்தொகுப்பு) செலவழித்துவிட்டார்கள். ஆல்பத்தில் மிஞ்சியது கொலை, கொள்ளை, பெண்கள், பிறகு க்யூப் மீதான வசவு. க்யூபை அமெரிக்கச் சுதந்திரப் போரின் துரோகி பெனடிக்ட் ஆர்னால்டின் பெயரால் திட்டுகிறார்கள். அதற்கென்றே ஒரு இடைத்துண்டு, இ.பி.யிலிருந்து எடுத்து மறுபடி சேர்த்த ஒரு பாட்டு, 'ஆல்வேஸ்' பாட்டுக்கு நடுவிலும் ஒரு வரி. இவ்வளவு நல்ல பீட்டுகளை வைத்துக்கொண்டு பழைய நண்பனைத் திட்டுவதில் நேரத்தை வீணாக்கினார்களே என்று எனக்கு ஆத்திரம் வரும்.

க்யூப் அந்த நேரத்தில் என்ன செய்தார் பாருங்கள். டிரேயை வைத்துத் தனி ஆல்பம் செய்யத்தான் ஆசைப்பட்டார், நடக்கவில்லை. நியூயார்க் போனார். பப்ளிக் எனிமிக்கு இசை அமைத்த பாம் ஸ்க்வாடோடு உட்கார்ந்து 1990 மே மாதமே ஆல்பத்தைக் கொண்டுவந்துவிட்டார். அதில் பழைய குழுவைப் பற்றி ஒரு பாட்டும் இல்லை. அவருக்குப் பேச வேறு விஷயம் இருந்தது.

மே 29, இரவு 10.30
"சரக்கு சரியில்லை என்றால் நம்பர் ஒன் எப்படி ஆனது?" என்று கேள்வி. நல்ல கேள்வி, ஏனென்றால் இதற்குள் ஒரு கதை இருக்கிறது.

அமெரிக்காவில் எந்த ஆல்பம் அதிகம் விற்கிறது என்று சொல்லும் பில்போர்டு பட்டியல் அதுவரை கடைக்காரர்கள் சொன்னதை வைத்துத் தயாரானது. எது நன்றாகப் போகிறது என்று கடைகளைக் கேட்பார்கள், அவர்கள் வாயால் சொன்ன வரிசைதான் கணக்கு. ராப், கன்ட்ரி, ஹெவி மெட்டல் எல்லாம் எவ்வளவு விற்றாலும் அந்த வரிசையில் கீழேதான் கிடக்கும். 1991 மே 25 தேதியிட்ட இதழிலிருந்து சவுண்ட்ஸ்கேன் வந்தது. கல்லாவில் பார்கோடு ஓடும்போது விழும் எண்ணிக்கை நேராகப் பட்டியலுக்குப் போனது. மூன்று நாள் கழித்து என்.டபிள்யூ.ஏ. ஆல்பம் வெளியானது. வந்த வேகத்தில் இரண்டாம் இடம். அடுத்த வாரம் பாப் பாடகி போலா அப்துலைக் கீழே தள்ளிவிட்டு முதலிடம். கேங்ஸ்டா ராப் ஆல்பம் ஒன்று அங்கே ஏறியது அதுதான் முதல் தடவை.

ரேடியோ கை கொடுக்காமலே இதைச் செய்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. எம்.டி.வி. 1989-இலேயே இவர்களுடைய 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' வீடியோவைப் போட மறுத்த சானல். கடையில் போய்க் காசு கொடுத்தவர்களால் மட்டும் வந்த நம்பர் ஒன் இது. குழுவின் ஊரான காம்ப்டன் மாதிரிக் கறுப்பினப் பகுதிகளில் மட்டும் விற்று அந்த இடத்துக்குப் போக முடியாது. புறநகர் வெள்ளைக்காரப் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தொழிலில் இருந்த எல்லாருக்கும் உறைத்தது. அந்தப் பிள்ளைகள் வாங்கியது எதை, காம்ப்டனின் செய்தியையா, காம்ப்டன் என்ற பேய்க் கதையையா? முதல் ஆல்பத்தைவிட இரண்டாவதில் பேய்க் கதை அதிகம். இந்த எண்ணம் எனக்கு ரொம்ப நாளாகவே உண்டு.

மே 30, காலை 7.15
மேலே விற்பனையைப் பற்றி எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. நம்பர் ஒன் என்பது தரத்துக்குச் சான்று கிடையாது, சரி. ஆனால் தொழிலுக்கு அது ஒரு கதவு. 1991-க்குப் பிறகு வந்த வெஸ்ட் கோஸ்ட் ஆல்பங்களுக்குப் பெரிய கம்பெனிகள் பணம் போட்டதற்கு அந்த ஒரு வார நம்பர் ஒன்னும் ஒரு காரணம். அந்த வகையில் ஆல்பத்துக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

மே 31, இரவு 11.05
நான் இதை முதலில் கேட்டது எம்பி3 சிடியில், மலிவான இயர்ஃபோனில். பெரியம்மா மகன் கொடுத்தான். அப்போது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. சத்தம், வசவு, சிரிப்பு. பேஸ் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

பல வருஷம் கழித்து ஒரு நண்பன் காரில் சப்வூஃபர் வைத்திருந்தான். ஈ.சி.ஆரில் போகும்போது 'ஆல்வேஸ்' போட்டான். கண்ணாடி அதிர்ந்தது, சீட்டின் முதுகு அதிர்ந்தது. இந்த இசை காருக்காகச் செய்தது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் முழுக்கக் காரில் வாழும் ஊர். கூரைக்குள் அடைபட்ட சின்ன இடத்தில் பேஸ் எப்படி நிரம்பும் என்று தெரிந்தவர்கள் கலந்த ஒலி அது. இயர்ஃபோனில் கேட்டுவிட்டு டிரே பெரிய ஆள் ஒன்றுமில்லை என்று எழுதுகிறவர்கள் ஒருமுறை காரில் கேட்டுவிட்டு வாருங்கள்.

அப்புறம் அதே மாதிரி ஒரு பயணத்தில் என் தங்கச்சி கூட இருந்தாள். முதல் பாதி ஓடி முடிந்தது, நான் பேஸைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டே வந்தேன். இரண்டாம் பாதி தொடங்கியது. வேசியைக் கொல்வது பற்றி ஒரு துண்டு, அதன் பின்னாலேயே பெண்களை வரிசையாகக் கொன்றுபோடும் பாட்டு. அவளுக்கு ஆங்கிலம் நன்றாகப் புரியும். "இதுக்கா அண்ணா இவ்வளவு நேரம் பேசின?" என்று கேட்டுவிட்டு அவளே அணைத்துவிட்டாள். நான் மறுபடி போடவில்லை.

இந்த ஆல்பத்தின் மொத்தப் பிரச்சினையும் அதுதான். பதினெட்டுத் துண்டுகளில் ஒன்பதாவதோடு தெரு முடிகிறது. பிறகு ஏழெட்டுப் பாட்டுகளில் பெரும்பாலும் பெண் உடல்தான். முதல் ஆல்பத்திலும் பெண் வெறுப்பு இருந்தது, யாரும் மறைக்கவில்லை. ஆனால் அங்கே அது பல விஷயங்களில் ஒன்று. இங்கே அது பாதி ஆல்பம்.

ஜூன் 1, காலை 11.50
"அது வெறும் பாத்திரம், நடிப்பு, சினிமா வில்லன் மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும்" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். பாத்திரம் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன், எல்லாப் பாட்டுக்கும். 'அப்பிடைட் ஃபார் டிஸ்ட்ரக்ஷன்' வீடியோவில் பழைய காலத்துக் கொள்ளைக்காரர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு வங்கியைக் கொள்ளையடிக்கிறார்கள். அது நாடகம் என்று குழந்தைக்கும் தெரியும்.

ஆனால் காலத்தைப் பாருங்கள். 1991 ஜனவரி 27. ஹாலிவுட்டில் ஒரு ஆல்பம் வெளியீட்டு விருந்து. 'பம்ப் இட் அப்' என்ற ராப் நிகழ்ச்சியை நடத்திய டீ பார்ன்ஸை டிரே அங்கே எல்லார் முன்னாலும் அடித்தார். காரணம்? அவர் நிகழ்ச்சியில் என்.டபிள்யூ.ஏ. பேட்டியோடு க்யூப் இவர்களைக் கிண்டல் செய்யும் துண்டையும் சேர்த்து ஒளிபரப்பியிருந்தார்கள். வழக்கில் டிரே குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை. அபராதம், சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று முடிந்தது. சிவில் வழக்கு வெளியே பேசி முடிக்கப்பட்டது. அந்த அடி விழுந்து நான்கு மாதத்தில் இந்த ஆல்பம் கடைக்கு வருகிறது, பாதி ஆல்பம் பெண்களை அடிப்பதும் கொல்வதும். இதற்குப் பிறகு "வெறும் பாத்திரம்" என்று என்னால் கேட்க முடியவில்லை. பாடுகிறவர் கை அப்போதுதான் ஒரு பெண் மேல் விழுந்திருக்கிறது.

2015-இல் இவர்களைப் பற்றிய படம் வந்தபோது இந்தச் சம்பவம் அதில் இல்லை. பார்ன்ஸ் தானே ஒரு கட்டுரை எழுதினார். படத்தை இயக்கிய எஃப். கேரி க்ரே அன்றைக்கு அந்தச் சர்ச்சைக்குரிய பேட்டியைப் படம் பிடித்த கேமராக்காரர் என்பதையும் அதில் சொன்னார். அதே மாதம் டிரே தான் காயப்படுத்திய பெண்களிடம் பொதுவாக மன்னிப்புக் கேட்டார். இருபத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது.

ஜூன் 1, மாலை 6.30
இல்லை, தடை செய்ய வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. தயவுசெய்து நான் எழுதாததை என் மேல் ஏற்றாதீர்கள்.

பிரிட்டனில் அதைச் செய்து பார்த்தார்கள். 1991-இல் ஆபாச வெளியீடுகள் சட்டத்தின் கீழ் போலீஸ் இந்த ஆல்பத்தின் பிரதிகளைக் கிடங்கில் புகுந்து பறிமுதல் செய்தது. வழக்கு லண்டன் பக்கம் ரெட்பிரிட்ஜ் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போனது. ஜெஃப்ரி ராபர்ட்சன் ஆல்பத்துக்காக வாதாடினார். நீதிபதிகள் முழுசும் கேட்டுவிட்டு, இது அந்தச் சட்டம் சொல்லும் ஆபாசம் ஆகாது என்று பிரதிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு. கேட்கிறவன் கேட்டுவிட்டுத்தான் காறித் துப்ப வேண்டும். போலீஸ்காரன் எனக்காக முன்கூட்டியே துப்பத் தேவையில்லை.

ஜூன் 2, இரவு 12.20
தூக்கம் வரவில்லை, இ.பி.யை எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். இதைப் பற்றி ஒரு தகவல், சட்டம் படிக்கிற தம்பிகளுக்குப் பயன்படும்.

'ஹண்ட்ரட் மைல்ஸ்' பாட்டில் ஃபங்கடெலிக் என்ற பழைய ஃபங்க் குழுவின் ஒரு பாட்டிலிருந்து கிட்டார் துண்டு ஒன்று எடுத்திருக்கிறார்கள். நீளம் இரண்டு விநாடி. அதன் ஸ்தாயியை இறக்கி, சுற்றவிட்டு, பதினாறு தட்டுக்கு நீட்டி, சைரன் மாதிரி பின்னால் ஓடவிட்டிருக்கிறார்கள். ஓடிப்போகிறவனைப் போலீஸ் துரத்தும் பாட்டுக்கு எவ்வளவு பொருத்தம்! எடுத்த இடம் தெரிந்தாலும் காதுக்கு அடையாளம் பிடிபடாது. அந்தப் பாட்டு 1998-இல் ஒரு படத்தில் வந்தது. உரிமை வைத்திருந்த பிரிட்ஜ்போர்ட் மியூசிக் வழக்குப் போட்டது. 2005-இல் ஆறாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒலிப்பதிவிலிருந்து எவ்வளவு சின்னத் துண்டை எடுத்தாலும் உரிமம் வாங்கியே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2016-இல் ஒன்பதாவது சர்க்யூட் வேறொரு வழக்கில் அதை ஏற்க மறுத்தது. ஆக அமெரிக்காவிலேயே ஒன்பதாவதின் கீழ் வரும் கலிஃபோர்னியாவுக்கு ஒரு விதி, ஆறாவதின் கீழ் வரும் டென்னசிக்கு ஒரு விதி.

டிரே 'தி க்ரானிக்'கில் சாம்பிளை (பழைய ஒலிப்பதிவிலிருந்து வெட்டிய துண்டை) அப்படியே ஒட்டாமல், பேஸ், கீபோர்டு வாசிக்கிறவர்களை வைத்துப் பழைய ஃபங்க் வரிகளை மறுபடி வாசித்துப் பதிவு செய்ததற்கு ஒலிச் சுத்தம் ஒரு காரணம். வாசித்து எடுத்தால் ஒலிப்பதிவின் உரிமையாளருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, பாட்டை எழுதியவருக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்பது இன்னொரு வசதி. அந்தப் பழக்கம் இரண்டாவது ஆல்பத்திலேயே ஆரம்பித்துவிட்டது. கொலின் வுல்ஃபின் பேஸைக் கவனியுங்கள்.

ஜூன் 3, இரவு 8.45
நேற்று முழு ஆல்பத்தையும் மறுபடி வரிசையாகக் கேட்டேன், எதையும் தாண்டாமல். ஒலி ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம் என்று இதுவரை பிரித்துப் பிரித்து எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பிரிவினை அவ்வளவு சுத்தமாக நிற்கவில்லை.

காரணம் எம்.சி. ரென். க்யூப் போனபின் வரிகளின் பாரம் இவர் தலையில் விழுந்தது. கூடவே தி டி.ஓ.சி. என்ற ராப் பாடகர், டல்லாஸிலிருந்து வந்தவர். 1989-இல் அருமையான ஒரு ஆல்பம் போட்டார், சில மாதத்திலேயே கார் விபத்தில் குரல்வளை நசுங்கிப் பாட முடியாமல் போனார். பாட முடியாதவர் மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். டிரே இந்த ஆல்பத்தில் இவ்வளவு லாகவமாகப் பாடுவதற்குப் பின்னால் அவர் கை இருக்கிறது. தன் குரல் போனபின் இன்னொருவர் குரலுக்கு அளவெடுத்து எழுதுவதை நினைத்துப் பாருங்கள். அந்த வரிகளின் அசை ஓட்டம், மூச்சு விடும் இடம் எல்லாம் கச்சிதம்.

ரென்னுக்குக் க்யூபின் பார்வை கிடையாது, ஆனால் அடி இருக்கிறது. எழுத்தை இறுக்கிப் பிடித்துக் கீழ்க் குரலில் அடித்துவிட்டுப் போவார். 'அப்ரோச் டு டேஞ்சர்' இருட்டாக, ஊர்ந்து வரும் பாட்டு. அங்கே பீட்டும் குரலும் ஒன்றையொன்று நம்பி நிற்கின்றன. அந்தப் பாட்டுக்குப் பொருள் பெரிதாக ஒன்றும் கிடையாது, பயமுறுத்துவது மட்டும்தான் வேலை. அதை முழுசாகச் செய்கிறது.

கடைசிப் பாட்டு 'தி டேஸ் ஆஃப் வேபேக்'. இத்தனை வருஷம் நான் அங்கே போய்ச் சேர்ந்ததே குறைவு, அதற்கு முன்னால் உள்ளவற்றில் வெறுத்துப்போய் நிறுத்திவிடுவேன். டிரேயும் ரென்னும் காம்ப்டன் பழைய நாளில் எப்படி இருந்தது, எப்படி மாறியது என்று சொல்கிறார்கள். வீறாப்பு இருக்கிறது, ஆனால் ஊர் கண்ணுக்குத் தெரிகிறது. க்யூப் இல்லாமலே இவர்களுக்குப் பார்க்கத் தெரியும் என்பதற்கு இந்தப் பாட்டுதான் அத்தாட்சி. இதை ஏன் பதினெட்டாவதாகத் தள்ளி வைத்தார்கள்? இரண்டாம் பாதி முழுசும் இந்த வழியில் போயிருந்தால் கேள்வி கேட்ட நண்பருக்கு முதல் நாளே "ஆமாம், இதுதான் மேல்" என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்பேன்.

ஜூன் 3, இரவு 9.02
ஈஸியைப் பற்றி எழுதவில்லையே என்று கேட்கிறீர்கள். ஈஸியின் குரல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கீச்சுக் குரல், குறும்பு, எதற்கும் அஞ்சாத திமிர். பூட்ஸி காலின்ஸின் காதல் பாட்டை எடுத்துக் கெட்ட வார்த்தையில் மாற்றிப் பாடும் பாட்டில் நான் சிரித்திருக்கிறேன், அதைச் சொல்ல வெட்கம் இல்லை. ராகம் அவ்வளவு இனிமை, குரல் சுருதிக்கு வெளியே அலைகிறது. பெண்ணைக் கொல்லாமல், வெறும் விரகத்தோடு நின்றுவிடுவதால் அது மட்டும் நகைச்சுவையாக நிற்கிறது.

ஜூன் 5, மாலை 5.40
ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவர் பற்றி ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். 1991 மார்ச் 3 அன்று போலீஸார் அவரை அடித்ததை ஒருவர் வீட்டு பால்கனியிலிருந்து வீடியோ எடுத்தார், உலகமே பார்த்தது. முதல் ஆல்பத்தில் இவர்கள் சொன்னதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். இரண்டே முக்கால் மாதத்தில் வெளியாகும் ஆல்பத்தில் அதைப் பற்றி ஒரு பாட்டு ஏன் இல்லை?

மார்ச் மாதத்துக்குள் ஆல்பம் பெரும்பாலும் முடிந்திருக்கலாம், அது நியாயமான பதில். ஆனால் அதே மார்ச்சில் ஈஸி எங்கே இருந்தார் தெரியுமா? வாஷிங்டனில், குடியரசுக் கட்சிக்கு நன்கொடை கொடுத்தவர்களுக்கான மதிய விருந்தில். அதிபர் புஷ் அங்கே பேசினார். ஈஸிக்கு அது விளம்பரம், அவ்வளவுதான். செலவழித்த காசுக்குப் பல மடங்கு பத்திரிகைச் செய்தி கிடைத்தது. வியாபாரியாக அவரை மெச்சுகிறேன். ஆனால் லாஸ் ஏஞ்சலிஸ் தெருவில் ஒருவரைப் போட்டு மிதித்த அதே மாதத்தில் அந்தத் தெருவின் குரல் என்று பெயரெடுத்தவர் அங்கே உட்கார்ந்திருந்தது எனக்கு வலிக்கிறது.

க்யூப் இதை விட்டுவைக்கவில்லை. 1991 அக்டோபர் கடைசியில் வந்த 'டெத் சர்ட்டிஃபிகேட்' ஆல்பத்தின் முடிவில் ஒரு பாட்டு முழுக்க இவர்களை உரித்தார், அந்த விருந்தையும் சேர்த்து. அதில் ஹெல்லரின் யூத அடையாளத்தை இழுத்துத் திட்டியதை நான் ஆதரிக்க மாட்டேன், அதே ஆல்பத்தில் கொரியக் கடைக்காரர்களைப் பற்றிய பாட்டையும் ஆதரிக்க மாட்டேன். பிரிட்டிஷ் பதிப்பில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் மோதல் என்ற அளவில் பார்த்தால் அங்கேயே ஆட்டம் முடிந்தது. நான்கு பேர் ஒரு இ.பி., ஒரு ஆல்பம் என்று எறிந்த வசவுக்கு ஒரே ஆள், ஒரே பாட்டில் பதில் கொடுத்துவிட்டார். அதற்கு என்.டபிள்யூ.ஏ. என்ற குழுவிடமிருந்து பதில் வரவே இல்லை, குழுவே உடைந்துவிட்டது.

ஜூன் 6, காலை 8.30
சின்னத் திருத்தம் ஒன்று, மேலே ஒருவர் எழுதியதற்கு: 'தி க்ரானிக்'கில் கேட்கும் ஜி-ஃபங்க் என்ற ஒலியை டிரே ஒற்றை ஆளாகக் கண்டுபிடித்தார் என்பது விவாதத்துக்குரியது. ரூத்லெஸ் லேபிளிலேயே அபவ் த லா என்ற குழு இருந்தது. அதன் தயாரிப்பாளர் கோல்ட் 187அம், அந்த ஒலி தங்களிடமிருந்து போனது என்று சொல்லி வருகிறார். அவர்களின் முதல் ஆல்பத்தை (1990) டிரே கூட இருந்து செய்தார். ஒரே கூரை, ஃபங்கடெலிக் வகையறாவின் அதே பி-ஃபங்க் தட்டுகள். யார் யாரிடம் எடுத்தார்கள் என்று பிரிப்பது கஷ்டம். எனக்கு இரண்டாவது என்.டபிள்யூ.ஏ. ஆல்பம் அந்த வீட்டில் எல்லாரும் சேர்ந்து சமைத்த காலத்தின் பதிவு. பிறகு ஈஸியோடு பணத் தகராறு வந்து டிரேயும் கிளம்பினார், க்யூப் கிளம்பிய அதே வாசல் வழியாக. க்யூப் கணக்குக் கேட்டபோது டிரே அவர் பக்கம் நின்றிருந்தால் இந்த ஆல்பம் ஐந்து பேரின் ஆல்பமாக வந்திருக்கும்.

ஜூன் 6, இரவு 10.10
புதிதாகக் கேட்க நினைக்கும் தம்பி கேட்டதற்குப் பதில். எதிலிருந்து ஆரம்பிப்பது?

1990 இ.பி.யை முதலில் கேளுங்கள், ஐந்தே பாட்டு, இந்தக் குழு க்யூப் இல்லாமல் கூர்மையாக இருந்த இடம் அதுதான். பிறகு ஆல்பத்தின் முதல் ஒன்பது துண்டுகளை ஒரே மூச்சில். 'ஆல்வேஸ்' பாட்டைக் காரிலோ நல்ல ஸ்பீக்கரிலோ தனியாக இன்னொரு முறை. பத்தாவதிலிருந்து உங்கள் வயிறு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு. எங்கே நிறுத்தினாலும் 'அப்ரோச் டு டேஞ்சர்', 'தி டேஸ் ஆஃப் வேபேக்' இரண்டையும் விட்டுவிடாதீர்கள். உடனே 'தி க்ரானிக்' போடாமல், நடுவில் க்யூபின் 'டெத் சர்ட்டிஃபிகேட்' கேளுங்கள். ஒரே வருஷத்தில், ஒரே சண்டையின் இரண்டு பக்கத்திலிருந்து வந்த ஆல்பங்கள். ஒன்றில் டிரேயின் பேஸ் இருக்கிறது, க்யூபின் கண் இல்லை. இன்னொன்றில் கண் இருக்கிறது, அந்த பேஸ் இல்லை.

கேள்வி கேட்ட நண்பருக்கு: இரண்டாவதுதான் மேல் என்ற உங்கள் கட்சிக்கு என் ஓட்டு இன்னும் இல்லை. ஆனால் 'தி டேஸ் ஆஃப் வேபேக்' பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே. உங்கள் வாதத்துக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. அதைக் கேட்டுவிட்டு எழுதுங்கள், தொடரலாம்.